மலைப்பூண்டு வேரில் செல் பிரிவதைப் பார்ப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

பூம்பாறையிலோ மன்னவனூரிலோ ஒரு விவசாயியிடம் போய்ப் பூண்டு விதை கேட்டால், அவர் உள்ளேயிருந்து எடுத்து வருவது முழுப் பூண்டைத்தான். மலைப்பூண்டு விதை போட்டு முளைப்பதில்லை. அறுவடையில் திரட்சியாக இருப்பதைப் பார்த்து ஒதுக்கி, அடுப்புப் புகை படும்படி கட்டித் தொங்கவிட்டு, அடுத்த பருவத்தில் பல் பல்லாகப் பிரித்து ஊன்றுகிறார்கள். மகரந்தமோ கருவுறுதலோ இதில் கிடையாது. பல்லுக்குள் இருக்கும் செல்கள் இரண்டாகி, நான்காகி, எட்டாகி, வேராகவும் இலையாகவும் அடுத்த பூண்டாகவும் ஆகின்றன. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு தலைமுறை தலைமுறையாக நிலைத்திருப்பது செல் பிரிதல் என்ற அந்த ஒரு வேலையால்.

அந்த வேலையைப் பள்ளியில் இருக்கும் சாதாரண மைக்ரோஸ்கோப்பிலேயே பார்த்துவிடலாம். பதினோராம் வகுப்புத் தாவரவியலில் செல் சுழற்சி படிக்கும் மாணவர்கள், பிள்ளைகளுக்குச் செய்து காட்ட நினைக்கும் ஆசிரியர்கள், பாடத்தை விட்டு வெகுநாளாகியும் ஆர்வம் போகாதவர்கள் எல்லாரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். முன் அனுபவம் வேண்டாம், பொறுமை வேண்டும். ஒரு வேண்டுகோளும் உண்டு. ரெக்கார்டு நோட்டில் செல் பிரிதலின் நான்கு கட்டங்களையும் முதலில் வரைந்து வைத்துவிட்டு, பிறகு ஸ்லைடில் அதே படத்தைத் தேடாதீர்கள். ஸ்லைடில் இருப்பதைப் பார்த்த பிறகு வரையுங்கள். இந்தப் பயிற்சியின் பயன் முழுவதும் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

பார்க்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது

ஒரு செல் பிரிவதற்கு முன் வளர வேண்டும். புரதங்களைச் சேர்த்து, உள்ளுறுப்புகளைப் பெருக்கிப் பருமனாகும் காலத்தை ஜி1 என்கிறோம். அடுத்தது எஸ் கட்டம். உட்கருவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. முழுவதும் அப்போது இன்னொரு நகல் எடுக்கப்படுகிறது. அதன் பின் ஜி2 என்ற ஆயத்த காலம். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் இடைக்கால நிலை. கடைசியாக வருவது உட்கரு இரண்டாகப் பிரியும் மைட்டாசிஸ். டி.என்.ஏ. நகலாவது சுழற்சியின் நடுவில் ஒரு தனிக் காலத்தில் மட்டும்தான் என்று 1953-இல் ஹோவர்ட், பெல்க் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவர்கள் அதைக் கண்டதும் ஒரு வேர்முனையில்தான். கதிரியக்கப் பாஸ்பரஸ் கொடுத்து வளர்த்த அவரை இனச் செடியின் வேர்.

ஆகவே மைக்ரோஸ்கோப்பில் குரோமோசோம்கள், அதாவது டி.என்.ஏ. சுருண்டு தடித்த இழைகள், கண்ணுக்குத் தெரியும்போது நகலெடுக்கும் வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். நீங்கள் பார்க்கப்போவது எடுத்த நகலைச் சரிபாதியாகப் பங்கு போடும் காட்சியை.

பூண்டை ஏன் எடுக்கிறோம் என்றால், அதன் குரோமோசோம்கள் மிகப் பெரியவை. எண்ணிக்கை 16, சின்ன வெங்காயத்துக்கும் பெரிய வெங்காயத்துக்கும் அதே 16. ஆனால் அந்தப் பதினாறுக்குள் அடைந்திருக்கும் டி.என்.ஏ. ஒரு மனித செல்லில் இருக்கும் மொத்த டி.என்.ஏ.வைப் போல ஏறத்தாழ 5 மடங்கு. உருளைக்கிழங்கில் 48 சின்னஞ்சிறு குரோமோசோம்கள், தேயிலையில் 30. இவை இரண்டும் மலையில் எங்கு திரும்பினாலும் கிடைக்கும், ஆனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இவை வேண்டாம். பூண்டோ வெங்காயமோ எடுத்தால் முதல் முயற்சியிலேயே ஏதாவது தெரியும்.

பூண்டைத் தேர்ந்தெடுப்பது

வடுகபட்டிச் சந்தையில் வாங்கினாலும் சரி, வில்பட்டியில் தோட்டத்திலேயே கேட்டு வாங்கினாலும் சரி, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பழைய வேர்களின் காய்ந்த நார் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். கடையில் விற்கும் சில பூண்டுகளின் அடியை வழவழப்பாகச் செதுக்கியிருப்பார்கள். வேர் புறப்படும் தட்டே போய்விட்டதால் அவற்றை எத்தனை நாள் தண்ணீரில் வைத்தாலும் பயனில்லை. அறுவடையாகி ஒரு வாரமே ஆன புதுப் பூண்டும் சரிவராது, அது உறக்கத்தில் இருக்கும். ஊன்றுவதற்காகச் சில மாதம் வைத்திருந்த விதைப்பூண்டு கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

பருத்த பற்களாக ஐந்தாறு எடுத்து, மேல் தோலை உரித்து, அடியில் உள்ள காய்ந்த நாரை பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். தட்டை ஆழமாக வெட்டிவிடக் கூடாது. ஒவ்வொரு பல்லின் குறுக்கே இரண்டு பல்குத்தும் குச்சிகளைச் செருகி, சின்ன டம்ளரின் விளிம்பில் தாங்க வையுங்கள். அடித்தட்டு மட்டும் தண்ணீரைத் தொட வேண்டும். பல் முழுக்க மூழ்கினால் அழுகிவிடும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீராக இருந்தால் ஒரு இரவு திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

சமவெளியில் மூன்று நான்கு நாளில் வேர் வந்துவிடும். மலையில் அப்படி எதிர்பார்க்க முடியாது. மார்கழி, தை இரவுகளில் கொடைக்கானலில் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகும்போது ஜன்னலோரம் வைத்த பல் ஒரு வாரம் ஆகியும் அசையாமல் இருக்கும். அடுப்பங்கரையில் கதகதப்பான மூலையாகப் பார்த்து வையுங்கள். 20 முதல் 25 டிகிரி வரை இருந்தால் போதும். அடுப்புக்கு மிக அருகில் வைத்தால் தண்ணீர் சூடேறி வேர் பழுத்துவிடும். ஒரு டம்ளரை மட்டும் வேண்டுமென்றே குளிர்ந்த ஜன்னலோரத்தில் விட்டு வையுங்கள், அதற்குப் பின்னால் வேலை இருக்கிறது.

வெட்டுவதற்கு முன் ஒரு சிறு சோதனை

வேர் ஒன்றரை சென்டிமீட்டர் வந்ததும் எல்லாவற்றையும் வெட்டிவிடாதீர்கள். ஒரு வேரை மட்டும் ஒற்றுத்தாளில் மெல்ல ஒற்றி, முனையிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் கறுப்பு இந்தியன் இங்க்கில் மெல்லிய கோடுகள் போடுங்கள். நல்ல நூலை மையில் தோய்த்துத் தொட்டால் கோடு சன்னமாக விழும். பல்லைத் திரும்பத் தண்ணீரில் வைத்து மறுநாள் பாருங்கள். எல்லாக் கோடுகளும் ஒரே அளவில் விலகியிருக்காது. முனையை ஒட்டியும் மேலே தொலைவிலும் இருக்கும் கோடுகள் ஏறத்தாழ இருந்தபடியே இருக்கும். முனைக்குச் சற்றுப் பின்னால் சில மில்லிமீட்டர் தூரத்தில் போட்டவை மட்டும் நன்றாக விலகி, மை நீண்டு மங்கியிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மன் தாவரவியலாளர் யூலியுஸ் சாக்ஸ் அவரை வேரில் செய்து காட்டிய சோதனை இது.

வேர் நீள்வதும் செல்கள் பிரிவதும் ஒரே இடத்தில் நடப்பதில்லை என்பதை இந்தக் கோடுகள் சொல்கின்றன. முனையில் வேர்மூடிக்கு உள்ளே இருக்கும் ஆக்குத்திசுவில் செல்கள் பிரிகின்றன. அங்கே அவை சிறிதாக, ஏறக்குறைய சதுரமாக, உள்ளே பெரிய உட்கருவோடு இருக்கும். பிரிந்த செல்கள் முனையிலிருந்து பின்தங்கியதும் தண்ணீரை உள்ளே இழுத்து, நுண்குமிழிகளை ஒன்றாக்கி, செல்சுவரைத் தளர்த்தி நீள்கின்றன. வேர் மண்ணைத் துளைத்துக்கொண்டு போவது பெரும்பாலும் இந்த நீட்சியால். எண்ணிக்கை கூடுவது ஓரிடம், பருமன் கூடுவது இன்னோரிடம். இதைக் கோட்டில் பார்த்துவிட்டால், ஸ்லைடுக்கு வேரின் எந்தப் பகுதி வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை: கடைசி ஒன்று, இரண்டு மில்லிமீட்டர். நீளமான செல்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தால் நீங்கள் மேலே வெட்டிவிட்டீர்கள் என்று பொருள்.

வெட்டுவதும் நிலைநிறுத்துவதும்

மொத்தச் செய்முறையில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்தப் படியை. சாயம் சரியாக ஏறவில்லை என்றால் மறுபடி ஏற்றலாம், நசுக்கியது சரியில்லை என்றால் அடுத்த வேரை எடுக்கலாம். நிலைநிறுத்தியது பழுதானால் எதையும் மீட்க முடியாது.

வெட்டிய வேர்முனை கொஞ்ச நேரம் உயிரோடுதான் இருக்கும். அது மேஜையில் கிடந்து வாடினால் செல்லுக்குள் இருப்பதெல்லாம் சுருங்கி இடம் மாறும். அதனால் வேரை வெட்டிய கையோடு திரவத்தில் போட்டு, ஒவ்வொரு செல்லையும் அது இருந்த நிலையிலேயே நிறுத்த வேண்டும். நம் ஊர் ஆய்வகங்களில் காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள் வெட்டுவது வழக்கம். அப்படியே செய்யுங்கள், முடிந்தால் நண்பகலில் இன்னொரு தொகுதியும் வெட்டித் தனிக் குப்பியில் போட்டு, எது நன்றாக வந்தது என்று ஒப்பிடுங்கள்.

திரவம் எளிது: எத்தில் ஆல்கஹால் 3 பங்கு, உறை அசிட்டிக் அமிலம் 1 பங்கு. இரண்டையும் அன்றன்று கலக்க வேண்டும். முந்தின நாள் கலந்து வைத்தால் ஒன்றோடொன்று வினைபுரிந்து வீரியம் குறைந்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் பள்ளிகளில் இதைச் செய்பவர்கள் எதிர்கொள்ளும் ஒரு சங்கடம் சமவெளிப் பள்ளிகளில் அரிது. உறை அசிட்டிக் அமிலம் 16.6 டிகிரியில் உறைந்துவிடும். குளிர்காலக் காலையில் அலமாரியைத் திறந்தால் பாட்டில் முழுக்கப் பளிங்குபோல் கட்டியாகிக் கிடக்கும். மருந்து கெட்டுவிட்டது என்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். மூடியைச் சற்றுத் தளர்த்தி, வெதுவெதுப்பான தண்ணீர் இருக்கும் பாத்திரத்தில் பாட்டிலை நிறுத்தினால் கால் மணி, அரை மணியில் உருகிவிடும். நெருப்பின் மேல் நேராக வைக்கக் கூடாது. ஆவி மூக்கையும் கண்ணையும் எரிக்கும், ஜன்னலைத் திறந்து வைத்துக் கையுறையோடு செய்யுங்கள். பிள்ளைகள் செய்யும்போது அமிலத்தை ஊற்றுவது மட்டும் ஆசிரியர் கையில் இருக்கட்டும்.

வேர்களை ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் வெட்டித் திரவத்தில் போட்டு மூடி, ஒரு நாள் விடுங்கள். மறுநாள் 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றினால் ஃப்ரிஜ்ஜில் பல வாரங்கள் கெடாது. நகராமல் ஒட்டும் லேபிளில் தேதி, நேரம், பூண்டு எந்த ஊரிலிருந்து வந்தது, கதகதப்பில் வளர்ந்ததா குளிரில் வளர்ந்ததா என்பதைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்து ஓடிவிடும்.

சாயமும் மென்மையாக்குவதும்

தாவர செல்கள் பெக்டின் பசையால் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. அதைத் தளர்த்தாமல் நசுக்கினால் வேர் ஒரே கட்டியாக நிற்கும். இதைத் தனியாக 60 டிகிரி சூட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் செய்யும் முறையும் உண்டு. புதியவர்களுக்கு அதைவிட எளிய வழியைச் சொல்கிறேன்: ஒரு வாட்ச் கிளாஸில் (குழிந்த சிறு கண்ணாடித் தட்டு) அசிட்டோகார்மைன் சாயம் 9 சொட்டு, ஒரு நார்மல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 சொட்டு. வேர்களைத் தண்ணீரில் கழுவி இதில் போட்டு, ஸ்பிரிட் விளக்கின் சுடரில் காட்டிக் காட்டி எடுங்கள். ஆவி கிளம்ப வேண்டும், கொதிக்கக் கூடாது. புறங்கையில் தொட்டால் பொறுத்துக்கொள்ளும் சூடு சரியான சூடு. பிறகு மூடி வைத்து அரை மணி நேரம் விடுங்கள். அமிலமும் சாயமும் ஒருசேர வேலை செய்யும். ஆல்கஹால் பாட்டிலை விளக்குக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

கார்மைன் சப்பாத்திக்கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் செந்நிறம். உட்கருவுக்குள் இருக்கும் குரோமோசோம்களை அது கருஞ்சிவப்பாகக் காட்டும். இரும்பு சேர்ந்தால் நிறம் இன்னும் அழுத்தமாகும், அதனால் சாயத்தில் கிடக்கும் வேரைப் பழைய இரும்பு ஊசியால் புரட்டுங்கள். அரை மணிக்குப் பிறகு வேரை எடுத்துப் பார்த்தால் கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் அடர்ந்த சிவப்பாகவும் மற்றது வெளிறியும் இருக்கும். பெரிய உட்கருக்கள் நெருக்கமாக அடைந்திருக்கும் ஆக்குத்திசு அது.

நசுக்குவது

சுத்தமான ஸ்லைடின் நடுவில் ஒரே ஒரு சொட்டு புதிய சாயம். அடர்சிவப்பு முனையை பிளேடால் வெட்டி அதில் வையுங்கள், மீதி வேரை அப்புறப்படுத்துங்கள். "கொஞ்சம் அதிகமாக இருக்கட்டுமே" என்று மூன்று நான்கு மில்லிமீட்டர் வைப்பதுதான் புதியவர்கள் கைக்குத் தானாக வருவது. நீளமான செல்கள் வந்து கலந்து, கவர் ஸ்லிப்பும் சமமாக உட்காராது.

முனையை ஊசியால் இரண்டு மூன்றாகக் கிள்ளிவிட்டு, காற்றுக்குமிழி புகாமல் ஒரு ஓரத்திலிருந்து சாய்த்துக் கவர் ஸ்லிப்பை இறக்குங்கள். பென்சிலின் மழுங்கிய முனையால் அதன் மேல் நேராக, மெதுவாகத் தட்டுங்கள். தட்டத் தட்டச் சிவப்புப் புள்ளி விரிந்து மெல்லிய மேகமாகப் பரவுவது வெறும் கண்ணுக்கே தெரியும். பரவல் நின்றதும் ஸ்லைடை மடித்த ஒற்றுத்தாளுக்குள் வைத்து, கட்டைவிரலால் நேர்க்கீழாக அழுத்துங்கள். விரல் ஒரு துளிகூடப் பக்கவாட்டில் நகரக் கூடாது. நகர்ந்தால் செல்கள் கயிறுபோல் உருண்டுவிடும், அந்த ஸ்லைடைக் கழுவி வைக்க வேண்டியதுதான். அழுத்தியதும் கவர் ஸ்லிப்பின் நான்கு ஓரத்திலும் நிறமற்ற நகப்பூச்சைத் தடவினால் சில நாள் காயாமல் இருக்கும்.

பார்ப்பது

10 மடங்கு லென்ஸில் தொடங்குங்கள். சிவப்புப் புள்ளிகள் அடர்ந்த, செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரவிய ஓரிடம் கிடைக்கும்வரை ஸ்லைடை நகர்த்துங்கள். பிறகு 40 மடங்கு லென்ஸுக்கு மாறி, நுண் திருகை மட்டும் பயன்படுத்துங்கள்.

முதலில் கண்ணில் படுவது வட்டமான உட்கருக்கள் மட்டுமே. "டீச்சர், எல்லாமே வட்டமாத்தான் இருக்கு, ஒண்ணுமே பிரியலயே" என்று பிள்ளைகள் ஏமாந்து கண்ணை எடுத்துவிடுவார்கள். அந்த வட்டங்கள் சும்மா இருக்கும் செல்கள் அல்ல. வளர்வதும் டி.என்.ஏ. நகலாவதும் நடப்பது அவற்றுக்குள்தான், வெளியே தெரியாது என்பது மட்டுமே விஷயம். வட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் சில சிறியவை, சில பெரியவை. பெரியவற்றில் பல, நகலெடுத்து முடித்தவை.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்தால், வட்டத்துக்குள் வழவழப்பு போய் நூல் நூலாகத் தெரியும் ஓர் உட்கரு கிடைக்கும். அது புரோஃபேஸ். எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது; இரண்டு பேர் எண்ணினால் இரண்டு கணக்கு வருவதும் இங்கேதான். நூல்கள் தடித்து, உட்கருவின் எல்லை மறைந்து, குரோமோசோம்கள் செல்லின் நடுவில் திரண்டு நின்றால் மெட்டாஃபேஸ். பாடப்புத்தகம் எப்போதும் பக்கவாட்டில் வரைந்து காட்டுகிறது. ஆனால் ஸ்லைடில் செல் எந்தப் பக்கமும் திரும்பிக் கிடக்கலாம். செல்லின் ஒரு முனையான துருவத்திலிருந்து பார்க்க நேர்ந்தால் அதே மெட்டாஃபேஸ் வரிசையாகத் தெரியாமல், கைகளை வெளியே நீட்டிய வட்டமாகத் தெரியும். படத்தில் இல்லாததால் பலர் இதைத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளாதீர்கள், குரோமோசோம்களை எண்ணிப் பார்க்க ஏற்ற கோணமே அதுதான்.

அனாஃபேஸ் அரிதாகக் கிடைக்கும், கிடைத்தால் தவறவிட முடியாது. இரண்டு தொகுதிகள் எதிரெதிர்த் துருவங்களை நோக்கி விலகிக்கொண்டிருக்கும். குரோமோசோம்களைத் துருவங்களுக்கு இழுப்பவை கதிர்கோல் இழைகள். ஒவ்வொரு குரோமோசோமையும் அவை பிடித்திருப்பது சென்ட்ரோமியர் என்ற இடுங்கிய இடத்தில், அதனால் அந்த இடம் முன்னே போக, கைகள் வளைந்து பின்னே இழுபடும். நுண் திருகை மெல்ல அசைத்தால் ஒவ்வொரு கையும் தனித்தனியே மேலெழுந்து மறைவதைப் பார்க்கலாம். கதிர்கோல் இழைகள் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. கார்மைன் அவற்றில் ஏறுவதில்லை. டீலோஃபேஸில் இரண்டு உட்கருக்கள் உருவாகி, நடுவே மெல்லிய கோடாகச் செல்தட்டு தெரியும். விலங்கு செல் இடுப்பில் சுருங்கி இரண்டாகும். தாவர செல்லுக்குச் சுவர் இருப்பதால் அது நடக்காது, புதுச் சுவர் நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கி வளர்கிறது. அருகருகே ஒட்டியிருக்கும் இரண்டு சின்னச் செல்கள் ஒரே சாயலில் தெரிந்தால், அவை இப்போதுதான் பிரிந்தவையாக இருக்கக்கூடும்.

1882-இல் ஜெர்மன் உயிரியலாளர் வால்டர் ஃபிளெம்மிங் மைட்டாசிஸை விரிவாக எழுதி வரைந்தபோது அவர் பார்த்தது சாலமாண்டர் லார்வாக்களின் செல்களை. அவற்றின் குரோமோசோம்களும் பெரியவை. சாயமேற்றிய அசையாத செல்களைப் பார்த்துப் பார்த்து, எது முன்னால் எது பின்னால் என்று வரிசைப்படுத்தினார். உங்கள் ஸ்லைடும் அதே வேலையைத்தான் கேட்கிறது.

எண்ணிப் பார்ப்பது

பூம்பாறையிலிருந்து வரும் ஒரு மாணவி, வீட்டில் பூண்டு விவசாயம், மெட்டாஃபேஸைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப எங்க தோட்டத்துல இருக்கிற பூண்டெல்லாம் ஒரே செடிதானா டீச்சர்?" கிட்டத்தட்ட ஆமாம். ஒரே வழியில் வந்த விதைப்பூண்டு என்றால், அந்தப் பாத்தி முழுக்க ஒரே மரபணுத் தொகுதியின் நகல்கள். நகலெடுக்கும்போது எப்போதாவது நேரும் சிறு பிழைகள் மட்டும் வேறுபாடாகச் சேர்ந்துகொண்டே வரும். செடிக்குள் புகுந்த வைரஸும் பல்லோடு பல்லாகத் தொடர்ந்து வரும். விதைப்பூண்டை நோயில்லாத செடியிலிருந்து எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் கண்டிப்பாக இருப்பதற்குப் பின்னால் இந்தக் காரணமும் இருக்கிறது.

அவளுடைய கேள்விக்கு அடுத்து வர வேண்டிய கேள்வி, இந்தப் பிரிவுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பது. அசையாத ஸ்லைடில் நேரத்தை எப்படி அளப்பது? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும் கூட்டத்தை உயரத்திலிருந்து ஒரு படம் எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் ஆட்கள் அதிகமாக இருக்கிறார்களோ, அந்த இடத்தைக் கடக்க ஒவ்வொருவருக்கும் அதிக நேரம் பிடிக்கிறது. ஸ்லைடிலும் அப்படியே. ஒரு கட்டத்தில் எத்தனை செல்கள் இருக்கின்றன என்பது அந்தக் கட்டம் எவ்வளவு நீளம் என்பதைச் சொல்லும்.

ஆக்குத்திசுவில் இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்து, பார்வை வட்டத்துக்குள் இருக்கும் எல்லாச் செல்களையும் எண்ணுங்கள். நன்றாகப் பிரியும் செல்களை மட்டும் தேடிப் பிடித்து எண்ணினால் கணக்கே பாழ். உதாரணத்துக்கு 500 செல்களில் 45 செல்கள் பிரியும் கட்டங்களில் இருந்தால் 9 சதவீதம். வெங்காய வேர்முனையில் 20 டிகிரி வாக்கில் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் பிடிக்கும். அதையே பூண்டுக்கும் தோராயமாக எடுத்துக்கொண்டால், 20 மணியில் 9 சதவீதம் 1.8 மணி, மைட்டாசிஸுக்கு ஒன்றே முக்கால் மணிக்குச் சற்று மேல். அந்த 45-இல் அனாஃபேஸ் 4 மட்டும் என்றால் அதற்கு 10 நிமிடத்துக்கும் குறைவு. புரோஃபேஸ் நிறையவும் அனாஃபேஸ் கொஞ்சமாகவும் கிடைப்பதன் காரணம் இதுவே. எல்லாச் செல்களும் இடைவிடாமல் சுழல்கின்றன என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு இது, எனவே தோராயம் என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஜன்னலோரத்தில் விட்ட டம்ளரை எடுங்கள். அதன் வேரிலும் இதே எண்ணிக்கையைச் செய்தால் பெரும்பாலானவர்கள் திகைப்பார்கள். வேர் அரைகுறையாகத்தான் வளர்ந்திருக்கும், ஆனால் பிரியும் செல்களின் சதவீதம் பெரிதாகக் குறைந்திருக்காது. குளிரில் ஒரு சுற்றின் நேரம் இரண்டு மடங்கு, அதற்கு மேலும் நீள்கிறது. ஆனால் இடைக்கால நிலையும் மைட்டாசிஸும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் நீள்வதால், பங்கு மாறுவதில்லை. சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு "வளர்ச்சி வேகம்" என்று எழுதுவது தவறு. வேகத்துக்கு வேரின் நீளத்தையும் நாட்களையும் அளந்தாக வேண்டும். மலையில் இருப்பவர்கள் இந்த ஒப்பீட்டை அவசியம் செய்ய வேண்டும் என்பேன், இதற்கு வேண்டிய குளிர் நம் ஜன்னலிலேயே இருக்கிறது.

அடுத்த கட்டம்

16 குரோமோசோம்களையும் தனித்தனியே எண்ண ஆசைப்பட்டால், வெட்டிய வேர்களை நிலைநிறுத்தும் முன் பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். ஃப்ரிஜ்ஜுக்குள் வைத்தால் கட்டி சீக்கிரம் கரையாது. கதிர்கோல் இழைகள் அந்தக் குளிரில் கலைந்துபோவதால் குரோமோசோம்கள் விலக முடியாமல் மெட்டாஃபேஸிலேயே தேங்கி, குட்டையாகித் தெளிவாகப் பரவும். கொடைக்கானலின் இரவுக்குளிர் இதற்குப் போதாது, பூஜ்யத்தை ஒட்டிய குளிர் வேண்டும்.

ஆய்வகங்களில் இதே வேலைக்குக் கால்சிசின் பயன்படுத்துகிறார்கள். அது கிடைக்கும் செடி நமக்கு மிக நெருங்கியது: தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள். மலையை விட்டு இறங்கினால் ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் பந்தலிட்டு வளர்ப்பது அதன் விதைக்காக. கதிர்கோல் இழைகளைக் கட்டும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு இழை உருவாகாமல் கால்சிசின் தடுத்துவிடும். நகலான குரோமோசோம்கள் பிரிய முடியாமல் ஒரே செல்லுக்குள் தங்கி, எண்ணிக்கை இரட்டிப்பாகும். 1897-இல் தலைச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ஜானகி அம்மாள் இங்கிலாந்தில் இருந்தபோது மக்னோலியா நாற்றுகளுக்குக் கால்சிசின் கொடுத்து ஆராய்ந்தார். அப்படி வந்த ஒரு மக்னோலியா வகைக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். ஆங்கிலேய மரபியலாளர் டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளை அவர் தொகுத்த நூல் 1945-இல் வந்தது. நீங்கள் ஸ்லைடில் எண்ணும் பதினாறு போன்ற எண்களால் ஆன நூல் அது.

ஆனால் கால்சிசினைப் பள்ளியிலும் வீட்டிலும் தொடாதீர்கள். மிகச் சிறிய அளவே உயிரைக் கொல்லும். செங்காந்தள் விதையையோ கிழங்கையோ அரைத்துப் பார்க்கும் எண்ணமும் வேண்டாம். ஐஸ்தண்ணீரில் கிடைப்பதே தாராளம்.

வேலை முடிந்ததும் மீந்த அமிலத்தை நிறையத் தண்ணீரில் ஊற்றி நீர்த்த பிறகு கொட்டுங்கள். அமிலத்துக்குள் தண்ணீரை ஊற்றக் கூடாது. கவர் ஸ்லிப் உடைந்த துண்டுகளைத் தாளில் சுற்றித் தனி டப்பாவில் போடுங்கள். சோதனைக்கு வைத்த பற்களை யாரும் சமையலுக்கு எடுத்துவிடாமல் பாருங்கள். வேர் விட்டும் வெட்டப்படாத பல் ஏதேனும் மிச்சமிருந்தால் தொட்டியில் ஊன்றலாம், மலைக் குளிருக்கு அது நன்றாகவே பிடித்துக்கொள்ளும்.